நடுவில் இழுத்த கம்பி

பேட்டரி ஆசிட் துணியில் தெறித்தால் அன்றைக்கே ஓட்டை விழாது. ஈரம் பட்டதுபோல் இருக்கும், காய்ந்துவிடும், தப்பித்தோம் என்று நினைப்போம். துவைத்துப் பிழிந்து உதறும்போதுதான் துணி கையோடு வரும். 2019 ஜூனில் என் அக்கா தன் மகனுடைய சட்டையை அப்படி உதறியிருக்கிறாள். நெஞ்சுப் பக்கம் முழுக்கச் சல்லடை. அதைக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் விரித்து, "என்னடா இது?" என்றாள். "அவன் கவனமில்லாமப் பண்ணிட்டான்க்கா" என்றேன். பொய் என்று சொல்லும்போதே தெரியும். எவ்வளவு பெரிய பொய் என்றுதான் அப்போது தெரியாது.

ராமேஸ்வரத்தில் எனக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. அப்பா பாய் விரித்துப் போனவர். காற்றும் நட்சத்திரமும் தெரிந்தால் அவருக்குப் போதும். எனக்கு டீசல் இஞ்சின், வயர்லெஸ், ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், டெக் லைட்டு, அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பு எல்லாம் வேண்டும். இத்தனைக்கும் ஆதாரம் இஞ்சின் ரூமில் பலகைப் பெட்டிக்குள் கிடக்கும் இரண்டு கறுப்புப் பேட்டரிகள். இஞ்சின் ஆயில் எப்போது மாற்றினேன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எந்த மடிவலையில் எத்தனை இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று சொல்வேன். பேட்டரிக்குக் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்டால் மட்டும் முழிப்பேன். சத்தம் போடாத பொருளை யார் நினைக்கிறார்கள்?

இஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரை நாங்கள் செல்ஃப் என்போம். என் படகில் அது 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையில் கோத்தால் 24 கிடைக்கும். ஆனால் ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் பாட்டுப் பெட்டியும் 12 வோல்ட் சாமான்கள். 24-ஐ 12 ஆக்கிக் கொடுக்க கன்வர்ட்டர் என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி விற்கிறது. நான் அதை வாங்கவில்லை. இரண்டு பேட்டரியும் கைகோக்கும் நடு இணைப்பில் ஒரு கம்பியைக் கட்டி, இடது பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்துக்கொண்டேன். லாரியில் பாட்டுக் கேட்பவர்கள் இப்படி இழுப்பதைப் பார்த்துக் கற்ற வித்தை. கன்வர்ட்டர் காசு மிச்சம் என்று என் படகு டிரைவர் அண்ணனிடம் பெருமையடித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அவர் பதில் சொல்லாமல் பீடியைப் பற்றவைத்தார்.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு ராத்திரி கயிறு புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது. இஞ்சினை நிறுத்தினோம். ஒருவன் கத்தியோடு தண்ணீரில் இறங்கிக் கயிற்றை அறுத்துவிட்டு ஏற முக்கால் மணி நேரம் ஆனது. அவனுக்கு வெளிச்சம் வேண்டுமென்று லைட்டெல்லாம் எரிந்தது, கூடவே பாட்டும். பிறகு சாவியைத் திருப்பினால் "டக்" என்றது. மறுபடி "டக்". செல்ஃப் சுற்றவில்லை. ஒவ்வொரு "டக்"குக்கும் ஜிபிஎஸ் திரை அணைந்து, முதலிலிருந்து விழித்துக்கொண்டது. நாலாவது தடவை அது விழிக்கவே இல்லை.

பாக் நீரிணையில் தொழில் செய்பவனுக்கு அந்தத் திரை இருண்டால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1974-ல் காகிதத்தில் போட்ட இலங்கை எல்லைக் கோடு தண்ணீரில் தெரியாது. தெரிவது அந்தத் திரையில்தான். கோட்டைத் தாண்டிப் படகைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. வயர்லெஸ்ஸை எடுத்தேன். மற்ற படகுகள் பேசுவது கேட்டது. பட்டனை அழுத்தி நான் பேசப் போனால் அணைந்தது. கேட்பதற்குக் கொஞ்சம் கரண்ட் போதும், பேசுவதற்குப் பல மடங்கு வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊர்க் கதையெல்லாம் காதில் விழ, "நான் இங்கே நிற்கிறேன்" என்று சொல்ல வழியில்லை. டார்ச்சை ஆட்டி ஆட்டி, கடைசியில் ஒரு படகு வந்து கயிறு கொடுத்து இழுத்துப்போனது. கரையில் எல்லோரும் பார்த்தார்கள்.

பேட்டரிக்குச் சார்ஜ் போடும் பாய் கடைக்கு இடது பேட்டரியை மட்டும் தூக்கிப்போனேன். வலதைப் படகிலேயே விட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் நாற்பது கிலோ, எவன் சுமப்பது? பாய் ஒவ்வொரு செல்லின் மூடியையும் திறந்து, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் ஆசிட்டை உறிஞ்சி மிதவையைப் பார்த்தார். நம் ஊர் வெயிலுக்கு முழுச் சார்ஜ் என்றால் அது 1250 பக்கம் நிற்க வேண்டும். 1150-க்குக் கீழே போனால் காலி என்று வைத்துக்கொள்ளலாம். நாலு செல் ஏதோ நடுவில் நின்றன. இரண்டில் மிதவை எழும்பவே இல்லை.

"ரெண்டு பேட்டரியையும் சேத்து மாத்துங்க தம்பி. ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னு போட்டா, பழசு புதுசையும் தின்னுரும். அப்புறம் அந்த நடுக்கம்பிய மொதல்ல கழட்டுங்க" என்றார்.

கடைக்காரர் வியாபாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இடதுக்கு மட்டும் புதிது வாங்கினேன். நடுக்கம்பியை அதே இடத்தில் அதே முறுக்கில் கட்டினேன்.

பிறகு தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு இறங்கக்கூடாது. 2017-க்கு முன்னால் 45 நாள், அதிலிருந்து 61 நாள். வலை பின்னுவோம், பலகை மாற்றுவோம், பெயின்ட் அடிப்போம், கடன் வாங்குவோம். பேட்டரி மட்டும் படகிலேயே கம்பியோடு கம்பியாகக் கிடக்கும். கத்திரி வெயிலும் அந்த 61 நாளுக்குள்தான் வருகிறது. ஈயப் பேட்டரி சும்மா கிடந்தாலே தானாக இறங்கும். சூடு பத்து டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டுவிட்டால் பிளேட்டில் படிந்த ஈய சல்பேட் கெட்டிதட்டிப் போகும். ஈரக்காற்றில் வைத்த சீனி மூட்டை பாறையாவதுபோல. அதற்கப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழையபடி கரையாது.

தடை முடிய மூன்று நான்கு நாள் இருக்கும்போது படகு இன்னும் கரையில்தான் நின்றது. பக்கத்து ஷெட்டிலிருந்து கரண்ட் இழுத்து, வாடகைக்கு எடுத்த சார்ஜரை இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து மாட்டினேன். பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். தூசி விழக்கூடாதென்று பெட்டியைப் பலகை போட்டு மூடி, மேலே தார்ப்பாயும் போட்டேன். பேட்டரிக்கு நான் காட்டிய முதல் அக்கறை அதுதான். மத்தியானம் காது வைத்துக் கேட்டால் உள்ளே உலை கொதிப்பதுபோல் களகளவென்று சத்தம். நன்றாக ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அக்கா மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. என்னோடு வர ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "ஏறிருச்சான்னு உரசிப் பாருடா" என்றேன். உரசிப் பார்ப்பது என்றால், ஒரு துண்டுக் கம்பியின் இரண்டு முனையையும் பேட்டரியின் இரண்டு முனையிலும் தட்டி, பொறி எவ்வளவு பெரிதாகப் பறக்கிறது என்று பார்ப்பது. எங்கள் பக்கம் பாதிப்பேர் அப்படித்தான் பார்ப்பார்கள். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் நான். பொறி நீலமாகப் பறந்தால் நல்ல பேட்டரி, சிவப்பாக இருந்தால் வீக் என்று ஏதோ சாஸ்திரம்போல வேறு சொல்லிக்கொடுத்திருந்தேன். சார்ஜரை அணைக்கக்கூடச் சொல்லவில்லை. அவன் தார்ப்பாயை விலக்கி, பலகையை ஒரு பக்கம் தூக்கி, குனிந்தான்.

தீபாவளி அணுகுண்டைத் தகர டப்பாவுக்குள் வைத்து வெடித்ததுபோல் ஒரு சத்தம். வலது பேட்டரியின் தலையைக் காணோம். உள்ளே பிளேட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. பாதிக்கு மேல் உலர்ந்துபோய், பழுப்பாக, காய்ந்த அடைபோல. அவன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றான். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், நின்றேன். டிரைவர் அண்ணன்தான் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, இருபது லிட்டர் குடிதண்ணீர்க் கேனைக் கவிழ்த்தார். அவன் கையை வலுக்கட்டாயமாக விலக்கி, இமையை இரண்டு விரலால் பிரித்து, மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாக ஓடும்படி தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். பெயின்ட் சுரண்டியவர்களில் ஒருவர் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவோடு ஓடிவந்தார். ஆசிட்டுக்குச் சுண்ணாம்பு மாற்று என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் அதைக் கையோடு தட்டிவிட்டார். சுண்ணாம்பு கண்ணுக்குள் போனால் ஆசிட்டைவிட ஆழமாக அரிக்கும் என்று பிறகு கண் டாக்டர் சொன்னார். இரண்டு கேன் தீர்ந்தது. இன்னொரு கேன் வாங்கிவரச் சொன்னார். இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் கழுவிய பிறகுதான் ஆட்டோவில் ஏற்றவிட்டார். "அந்தத் தண்ணிதான் கண்ணைக் காப்பாத்திருக்கு" என்றார் டாக்டர். இன்றைக்கும் அவன் இடது புருவத்தில் ஒரு கோடு முடி முளைக்காமல் இருக்கிறது.

திண்ணையில் அக்கா சட்டையை விரித்தது இதற்கு ஐந்தாறு நாள் கழித்து. நான் பதில் சொன்னபோது அவன் வாசற்படியில் நின்றிருந்தான். வாய் திறக்கவில்லை.

மீதி உண்மை பாய் மூலம் வந்தது. வெடித்த பேட்டரியைப் பார்க்க அவரே கரைக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சோறு போட்டார், அதாவது சோற்றை வைத்துக் கதை சொன்னார். "ஒரு வீட்டுல ரெண்டு புள்ளைங்க. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான் சோறு. ஒருத்தன் நாள் முழுக்க மூட்டை தூக்குறான். இன்னொருத்தன் திண்ணையில உக்காந்திருக்கான். தூக்குறவனுக்குப் பத்தல, எளைச்சுப் போறான். உக்காந்திருக்கவனுக்கு அஜீரணம். நீங்க நடுவுல கம்பி இழுத்தீங்கள்ல, அதான் இது."

கதையை விரித்தால் இவ்வளவுதான். இரண்டு பேட்டரியும் வரிசையில் இருப்பதால் இஞ்சின் ஓடும்போது டைனமோ அனுப்பும் கரண்ட் இரண்டிலும் ஒரே அளவு பாயும். இடது பேட்டரி ராத்திரி முழுக்க ஜிபிஎஸ்ஸுக்கும் பாட்டுக்கும் கொடுத்துக் களைத்திருக்கும். அது நிரம்புவதற்குள் வலது எப்போதோ நிரம்பி வழிந்துவிடும். நிரம்பிய பேட்டரிக்குள் மேலும் கரண்டைத் திணித்தால் அது தண்ணீரை ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரிக்கத் தொடங்கும். நான் கேட்டு மகிழ்ந்த உலைச் சத்தம் அதுதான். ஒவ்வொரு நடையிலும் வலது பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் தண்ணீரைக் குடித்து, பிளேட்டுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருக்கிறது. பிப்ரவரியில் இடது செத்ததும் ஜூனில் வலது வெடித்ததும் ஒரே கம்பியின் வேலை. கடையைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், கடைசியில் பையனைச் சொன்னேன்.

பாய் போனபிறகு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொதிநிலைக்கு வந்த 12 வோல்ட் பேட்டரிக்குள் பத்து ஆம்பியர் பாய்ந்தால் மணிக்கு ஏறக்குறைய 25 லிட்டர் ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குப் பற்றும். பேட்டரி போக என் பெட்டிக்குள் காற்றுக்கு மிஞ்சிய இடம் 200 லிட்டர்கூட வராது. அப்படியானால் 8 லிட்டர் போதும். இருபது நிமிஷம். நான் காலையிலிருந்து மத்தியானம் வரை மூடிவைத்திருந்தேன். ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காற்றைவிட லேசு என்பதால் மேலேதான் போய் நிற்கும். நான் தூசிக்காகப் போட்ட பலகைக்கும் தார்ப்பாய்க்கும் அடியில்.

இப்போது கன்வர்ட்டர் இருக்கிறது. அதற்கும் மேலாக வீல் ஹவுஸுக்குள் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்து, ஜிபிஎஸ்ஸையும் வயர்லெஸ்ஸையும் அதில் கொடுத்திருக்கிறேன். செல்ஃப் எவ்வளவு உறிஞ்சினாலும் திரை அணையாது. 16-வது சேனலில் கூப்பிடலாம், 1554-க்குக் கடலோரக் காவல் படையைக் கூப்பிடப் போனுக்குச் சார்ஜும் போடலாம். பேட்டரிப் பெட்டியின் மூடி இப்போது வெறும் சட்டம்தான், பலகை இல்லை. பேட்டரியைப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறேன். அடித்தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். கடல் தண்ணீர் செல்லுக்குள் போய்ச் சார்ஜும் ஏறினால் குளோரின் வரும், அது நெஞ்சை அடைக்கும் விஷம்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ராமநாதசுவாமி கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம் இருக்கிறது. பேட்டரிக்கு ஆகும் தீர்த்தம் அதில் ஒன்றுகூடக் கிடையாது. ஐஸ் உருகிய தண்ணீர், பாட்டில் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எல்லாம் ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்டில் வாட்டர் மட்டும்தான். ஆசிட் ஊற்றினால் தெம்பு வரும் என்பவர்களும் உண்டு. பேட்டரி இழப்பது தண்ணீரைத்தான், ஆசிட்டை அல்ல. ஆசிட்டை ஊற்றிக்கொண்டே போனால் பிளேட்டை அரித்துவிடும். பிளேட் வெளியே தெரிந்தால் அது முங்கும் அளவுக்கு மட்டும் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போட வேண்டும், சார்ஜ் ஏறிய பிறகுதான் அளவுக்கு நிரப்ப வேண்டும். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழிந்து டெர்மினலில் வெள்ளைப் பவுடர் பூக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொல்லாதது. செத்த பேட்டரியின் ஆசிட்டைக் கடலில் கவிழ்த்துவிட்டு வெறும் ஈயத்தை எடைக்குப் போட்டிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. மீன் கிடைக்கவில்லை என்று புலம்பும் அதே வாய்தான். பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பவர்களுக்கு உண்டு என்று 2022-ல் வந்த விதியே சொல்கிறது. இப்போது ஆசிட்டோடு அப்படியே கடையில் கொடுத்துவிடுகிறேன்.

தடைக்காலம் தொடங்கும் வாரம் பேட்டரிகளைக் கழற்றிக் கரையேற்றிவிடுவோம். அக்கா மகன்தான் வருகிறான். பேட்டரி வெடித்த வருஷமே என் படகை விட்டுவிட்டு பாயிடம் வேலைக்குச் சேர்ந்தவன், இப்போது படகு வயரிங்கில் அவனுக்கு நல்ல பெயர். நான் டார்ச் பிடிப்பேன். முதலில் மைனஸ் முனையைக் கழற்றுவான், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுவான். ஏன் என்று கேட்டதற்கு ஸ்பேனரை வைத்துக் காட்டினான். மைனஸ் முனை இஞ்சின் உடம்போடு சேர்ந்தது. அது மாட்டியிருக்கும்போது பிளஸ் முனையைக் கழற்றப்போய் ஸ்பேனர் இஞ்சினில் இடித்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பேனர் வழியாகவே ஓடும். மைனஸ் கழன்றிருந்தால் இடித்தாலும் ஒன்றும் நடக்காது. அவன் ஸ்பேனரின் பிடி முழுக்க டேப் சுற்றியிருக்கிறது. கண்ணாடி போடாமல் பெட்டிப் பக்கம் குனியமாட்டான். உரசிப் பார்ப்பதெல்லாம் கிடையாது. சார்ஜ் போட்டுச் சில மணி நேரம் ஓய்வு விட்டு மீட்டரை வைப்பான். 12.6-க்கு மேல் இருந்தால் முழுசு, 12.2 என்றால் பாதி. மாதத்துக்கு ஒரு தடவை கடையில் வைத்துச் சார்ஜ் ஏற்றித் தருவான்.

போன வருஷம் கழற்றும்போது நான் கை கொடுக்கப் போனேன். "மாமா, மோதிரம்" என்றான். கல்யாண மோதிரம், இருபத்தைந்து வருஷமாகக் கழற்றாதது. பேட்டரிக்கும் இஞ்சினுக்கும் நடுவில் மாட்டினால் விரலோடு பழுத்துவிடும் என்றான். சோப்பு போட்டு இழுத்தும் வரவில்லை. "அப்ப நீங்க டார்ச்சே புடிங்க" என்றான். புருவத்தின் அந்தக் கோடு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து அரிவாள்மனையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உரசச் சொன்னது நான், கற்றுக்கொடுத்ததும் நான், பெட்டியை மூடியது நான், கம்பி இழுத்தது நான், பாய் சொல்லியும் கேட்காதது நான். அவள் கை நிற்கவில்லை. செதிலைத் தள்ளிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

"அப்ப, வெடிச்ச பேட்டரிக்குப் பாதிக் காசுன்னு அவன் பங்குல புடிச்சியே, அது?" என்றாள்.

அப்படி ஒன்று பிடித்ததையே நான் மறந்துபோயிருந்தேன். எவ்வளவு என்றும் நினைவில்லை.

"நாலாயிரத்து ஐந்நூறு" என்றாள், மீனைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.